ஊக்கமருந்தும் நம் ஊர் ஓட்டக்காரரும்

ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பிரஷருக்கான அட்டை ஒன்று அநேகமாக இருக்கும். டெல்மிசார்டான் என்ற பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால், அதில் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கிறது. சிறுநீரை அதிகம் பிரியவைத்து அழுத்தத்தைத் தணிக்கிற, விலை குறைந்த பழைய மருந்து. கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் மூன்று ஆண்டுகள் ஓடக் கூடாது என்று 2025 அக்டோபரில் முடிவானது இந்த மருந்தால்தான்.

செப்ங்கெடிச் சாதாரண ஆளில்லை. 2024 அக்டோபர் 13 அன்று சிகாகோ மாரத்தானை 2 மணி 9 நிமிடம் 56 நொடியில் முடித்தவர். 2 மணி 10 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் பெண். அதற்கு ஐந்து மாதம் கழித்து, 2025 மார்ச் 14 அன்று கொடுத்த சிறுநீர் மாதிரியில் அந்த மருந்து மில்லிலிட்டருக்கு 3,800 நானோகிராம் இருந்தது. 20 நானோகிராமைத் தாண்டினாலே ஆய்வகம் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். எப்படி வந்ததென்று தெரியாது என்று முதலில் சொன்னார். பிறகு, உடம்பு சரியில்லாதபோது வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மாத்திரையை வாங்கிப் போட்டதாகச் சொன்னார். சிகாகோ ஓட்டம் இந்தச் சோதனைக்கு முந்தையது என்பதால் அந்தச் சாதனைக்கு இந்தத் தீர்ப்பு கை வைக்கவில்லை.

இந்தச் செய்தி வந்தபோது, தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பெருகும் முன் ஓடி முடித்துவிட்டு டீக்கடையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “எங்க வீட்டுல அம்மா போடுத மாத்திரைதான் அண்ணாச்சி அது. அதைப் போட்டா ரெக்கார்டு வந்துருமா?”

வராது. அந்த மாத்திரை காலுக்கு வேகம் எதையும் கொடுப்பதில்லை. பார்க்கப்போனால், வியர்த்துக் கொட்டும் ஊரில் ஓடுகிறவருக்கு அது தொந்தரவுதான். இருக்கிற தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளிவிடும். பிறகு ஏன் தடை? சிறுநீரை நீர்க்கச் செய்வதால் உடம்பில் இருக்கும் வேறு மருந்தின் தடயம் மங்கிப்போகும். அதனால் ‘மறைக்கும் மருந்து’ என்ற வகையில், போட்டி நாளில் மட்டுமில்லாமல் எந்த நாளிலும் கூடாது என்று பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எடை குறைக்க வேண்டிய குத்துச்சண்டை, மல்யுத்தக்காரர்களுக்கு இதில் வேறு ஒரு லாபமும் உண்டு.

தொழில்முறை வீரர் ஒருவர் பிடிபட்டார் என்றதும், காசு கட்டி ஓடுகிற நம்மைப் போன்றவர்களிடம் வருகிற பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். “எல்லாரும்தான் போடுதாங்க, மாட்டுனவன் மாட்டிக்கிட்டான்” என்பது ஒரு கட்சி. “இனிமே எவன் ரெக்கார்டு போட்டாலும் நான் நம்ப மாட்டேன்” என்பது அடுத்த கட்சி. மனம் உடைந்து பேசாமல் இருப்பவர்களும் உண்டு. அந்த வீராங்கனையின் பயிற்சி வீடியோவைப் பார்த்துத் தன் அட்டவணையை மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். அப்புறம், குரலைத் தாழ்த்தி, “அது போட்டா நமக்கு எவ்வளவு நேரம் குறையும்?” என்று கேட்கிற ஒருவரும் எந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். இந்தக் கடைசி ஆளின் கேள்விதான் பதில் சொல்லத் தகுந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதற்கு முன் நம் மாநிலத்துக் கதை ஒன்று. திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். ஏழைக் குடும்பம், தந்தையை இழந்தவர், முப்பது வயதில் வெற்றி. வெவ்வேறு நிறத்தில் அவர் அணிந்திருந்த ஷூவைப் பற்றிக்கூட வாட்ஸாப்பில் கண்ணீர்க் கதைகள் சுற்றின. அரசியல் கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சங்களில் பரிசு அறிவித்தன. ஒரு மாதத்துக்குள் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் அவர் மாதிரியில் இருப்பதாகச் செய்தி வந்தது. தெரிந்து எதையும் எடுத்ததில்லை என்று அவர் சொன்னார். 2020 ஜூனில் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது. தங்கம் இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யுவுக்குப் போனது.

அந்தத் தங்கத்தை நம் வீட்டுத் தங்கமாகக் கொண்டாடிய ஓட்டக்காரர்கள் அன்று இரண்டாகப் பிரிந்தார்கள். ‘பாவம், அந்தப் பிள்ளைக்கு எவனோ கொடுத்திருப்பான்’ என்றார்கள் பாதிப் பேர். ‘தெரியாமலா போட்டிருப்பா’ என்றார்கள் மீதிப் பேர். விதியோ இந்த இரண்டு கட்சியையும் பொருட்படுத்துவதில்லை. உன் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீயே பொறுப்பு என்பதுதான் உலக ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படை. தெரிந்தா, தெரியாமலா என்ற கேள்வி தண்டனையின் அளவை முடிவு செய்யும்போதுதான் வரும். குற்றம் உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது. கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்பதை விடுதலைக்கான வழியாக வைத்தால் ஒருவரைக்கூடத் தண்டிக்க முடியாது. விதி சரிதான் என்பது என் கட்சி. குறை வேறு இடத்தில் இருந்தது. கோமதியின் மாதிரி ஒன்று மார்ச் மாதமே பாட்டியாலா போட்டியில் எடுக்கப்பட்டிருந்தது. அதன் முடிவு உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானம் ஏறியே இருக்க மாட்டார்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006இல் இதே தோஹாவில், இதே 800 மீட்டரில், ஆசிய விளையாட்டின் வெள்ளியை இழந்தார். ஊர், தூரம் எல்லாம் ஒன்றாக இருப்பதால் அவரையும் ஊக்கமருந்துக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அவர் பதக்கம் போனது பாலினச் சோதனையால். ஊக்கமருந்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது அந்தத் தாழ்ந்த குரல் கேள்விக்கு வருவோம்: எவ்வளவு நேரம் குறையும்?

நீண்ட தூரப் போட்டிகளில் பேர்போன மருந்து ஈபிஓ. எரித்ரோபாய்டின் என்பது முழுப் பெயர். நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன் அது. ரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை என்று சிறுநீரகம் உணர்ந்தால் இதைக் கூடுதலாக அனுப்பும். எலும்பு மஜ்ஜை இன்னும் கொஞ்சம் சிவப்பணுக்களை உண்டாக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தச் சுரப்பு நின்றுவிடுவதால் ரத்தசோகை வரும். அவர்களுக்காகத்தான் செயற்கை ஈபிஓ 1989இல் விற்பனைக்கு வந்தது. டயாலிசிஸ் பிரிவுகளில் குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்து ஊசியாகப் போடுவார்கள். நோயாளி எழுந்து நடமாடுவதற்கான மருந்தைத்தான் சைக்கிள்காரர்களும் மாரத்தான்காரர்களும் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய சங்கதி இல்லை. மூச்சடக்கி முக்குளிப்பவர் உடம்பு இதே வேலையை மருந்து இல்லாமல் செய்கிறது. நீருக்குள் இறங்கி மூச்சை நிறுத்தியதும் மண்ணீரல் சுருங்கி, தான் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். கொரியாவில் முக்குளிக்கும் பெண்களை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வில் மண்ணீரல் சுமார் 20 சதவீதம் சுருங்கியிருந்தது. ஹீமோகுளோபின் சுமார் 10 சதவீதம் ஏறியிருந்தது. தூத்துக்குடிக் கடலடி முத்துப் பார்களில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி முத்துச்சிப்பி அள்ளிய குளியாட்களை அப்படி யாரும் அளந்து வைக்கவில்லை. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இன்று சங்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ஆனால் உடம்பின் தந்திரம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு: கரையேறியதும் மண்ணீரல் தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஈபிஓ உண்டாக்கிய அணுக்களோ வாரக்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றும். ரத்தம் கெட்டிப்படும். அதோடு வியர்வையில் நீரும் குறைந்தால், மே மாதத் தூத்துக்குடியை நினைத்துக்கொள்ளுங்கள், உறைகட்டி உண்டாகி மூளைக்கோ இதயத்துக்கோ போகும் ஆபத்து கூடுகிறது. சர்வதேச சைக்கிள் சங்கம் 1997இல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டிய ஆண்களைப் போட்டியில் விடுவதில்லை என்று விதி போட்டதற்கு இதுவும் காரணம். அப்போது ஈபிஓவைக் கண்டுபிடிக்கச் சோதனையே கிடையாது. சிட்னி ஒலிம்பிக்ஸில்தான், 2000இல், அது வந்தது.

சரி, நேரம்? கிளாஸ்கோவில் ஓடுகிறவர்களுக்கு நான்கு வாரம் ஈபிஓ கொடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் 3,000 மீட்டர் நேரம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் போடுவது என்ன மருந்து என்று தெரியும். 2017இல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்டது இதைவிடச் சுவையானது. நன்றாகப் பயிற்சி எடுத்த 48 அமெச்சூர் சைக்கிள்காரர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் ஈபிஓ, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் பிரான்சின் மோன் வான்டூ மலையில் ஏறவிட்டார்கள். உப்புநீர்க்காரர்களின் சராசரி 1 மணி 40 நிமிடம் 15 நொடி. ஈபிஓகாரர்களின் சராசரி 1 மணி 40 நிமிடம் 32 நொடி. ஆய்வகத்தில் உச்ச வேகத்தில் மருந்து கொஞ்சம் உதவியது. மலையில் ஒன்றும் காட்டவில்லை. உச்சியில் நொடிக்கணக்கில் மோதிக்கொள்ளும் தொழில்முறை வீரர்களுக்கும் அது பயன்படாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் ஓடி, பரோட்டாவையும் விடாத நமக்கு இந்த ஒரு ஆய்வு போதும். உங்கள் ஹாஃப் மாரத்தான் நேரத்தில் பத்து நிமிடம் குறைய வேண்டுமென்றால் ஒரு வருஷம் ஒழுங்காக ஓடினாலே குறையும்.

அப்படியும் போடுகிற அமெச்சூர்கள் இருக்கிறார்கள். 2012இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பொதுமக்கள் சைக்கிள் போட்டியில் இரண்டு பேர் ஈபிஓவோடு பிடிபட்டார்கள். பிழைப்புக்காகவா போட்டார்கள்? வயதுப் பிரிவில் முன்னால் வரவேண்டும் என்ற ஆசை. பணம் இல்லாத இடத்திலும் கௌரவம் இருக்கிறது.

“எல்லாரும்தான் போடுதாங்க” என்று சொல்பவரிடம் எனக்குச் சண்டை உண்டு. அந்த வார்த்தை போட்டவனைக் காப்பாற்றி, போடாதவனைக் குற்றவாளி ஆக்குகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியா வெள்ளி வாங்கியது. லால்குடிக்காரர் ஆரோக்கிய ராஜீவ் அந்த அணியில் ஓடினார். தங்கம் வாங்கிய பஹ்ரைன் அணியில் இருந்த கெமி அடேகோயா பின்னர் ஊக்கமருந்துத் தடைக்கு உள்ளானதால், 2020இல் அது இந்தியாவுக்குத் தங்கமாக மாறியது. மேடையில் ஏறித் தேசிய கீதம் கேட்கும் பேறு ராஜீவுக்கு அன்று கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் செய்தியாகத்தான் கிடைத்தது. கதை அதோடும் முடியவில்லை. அதே இந்திய அணியில் ஓடிய பூவம்மா, 2021இல் எடுத்த மாதிரியில் மெத்தில்ஹெக்ஸேனமின் இருந்ததால் இரண்டு ஆண்டுத் தடை வாங்கினார். ஜிம் கடைகளில் ‘ப்ரீ ஒர்க்அவுட்’ என்று விற்கும் பொடிகளில் அடிக்கடி அகப்படும் சரக்கு அது. ஒரே பதக்கத்தின் இரண்டு பக்கமும் கறை. ஆனாலும், எல்லாரும் போடுகிறார்கள் என்று சொன்னால் ராஜீவுக்கு அது அநியாயம்.

உண்மையான அபாயம் உலக சாம்பியனிடமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரரிடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி. அங்கே ஒரு சான்றிதழுக்குப் பின்னால் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. ரயில்வே, ராணுவம், வருமான வரித் துறை எல்லாம் தனி. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாளில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஆட்கள் வந்தார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் மாயமானார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். மைதானத்துக் கழிவறையில் கிடந்த ஊசிகளின் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அதே 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213 சிக்கின. 3.8 சதவீதம், நிறையச் சோதனை செய்யும் நாடுகளில் அதுதான் அதிகம். தூத்துக்குடி தருவை மைதானத்தில் விடிகாலையில் ஓடும் பிள்ளைகளில் பலருக்கு ஒலிம்பிக்ஸ் கனவு கிடையாது. காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நேர்மையாகப் பயிற்சி எடுத்தால் எட்டிப்பிடிக்கிற நேரம் அது. ‘தெம்புக்கு ஒரு ஊசி’ என்று யாராவது அவர்களிடம் சொன்னால், அந்த ஊசி என்ன என்று கேட்கும் பழக்கத்தை மைதானத்தில் மூத்தவர்களாக இருக்கும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.

நாமோ அந்தக் கேள்வியை நம்மிடமே கேட்பதில்லை. ஓட்டத்துக்கு முதல் நாள் முழங்கால் வலிக்கிறது என்று புருஃபென் போட்டுக்கொண்டு நிற்பவர்களை எந்தத் தொடக்கக் கோட்டிலும் பார்க்கலாம். தடைப் பட்டியலில் அது இல்லை. ஆனால் ஜெர்மனியின் பான் மாரத்தானில் 2010இல் ஓடியவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் தொடங்கும் முன்பே வலி மாத்திரை போட்டிருந்தார்கள். மருத்துவமனையில் சேர நேர்ந்த ஒன்பது பேரும் அந்தப் பாதியைச் சேர்ந்தவர்கள்: மூவருக்குச் சிறுநீரகம் தற்காலிகமாகச் செயலிழந்தது, நால்வருக்கு ரத்தக் கசிவு, இருவருக்கு மாரடைப்பு. பல நாள் நீளும் அல்ட்ரா மாரத்தான்களில் 80 கிலோமீட்டர் கட்டத்தில் நடத்திய மற்றொரு ஆய்வில், புருஃபெனில் இருக்கும் ஐபுபுரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் தெரிந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். மருந்து இல்லாமலே மூன்றில் ஒருவருக்கு என்பதைக் கவனியுங்கள். கடல் காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயாத நம் ஊரில், நீர் வற்றிய சிறுநீரகத்தின் மேல் இந்த மாத்திரையையும் ஏற்றுவது தொழில்முறை வீரரின் ஊக்கமருந்தைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து.

அடுத்தது ட்ரிப்ஸ். களைப்பாக இருக்கிறது, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்பது நம் ஊரில் சகஜம். 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் அது தடைசெய்யப்பட்ட முறை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பாட்டிலில் வெறும் உப்புநீர் இருந்தாலும் இதே விதிதான். உடம்பு பூசினாற்போல ஆக வேண்டும் என்று சிலர் வாங்கிப் போடும் பெட்னிசால், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகளும் போட்டி நாளில் கூடாது. காப்பி கூடும், 2004இல் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரும் அளவுக்குள் இருந்தால் கூடும்.

இதெல்லாம் நமக்குப் பொருந்துமா என்றால், நம் ஊர் மாரத்தான்களில் சோதனை நடந்தாலும் பெரும்பாலும் பரிசுப் பணத்துக்கு ஓடும் முன்வரிசையோடு நின்றுவிடும். 2021இல் நடைமுறைக்கு வந்த உலகச் சட்டத்தில் ‘பொழுதுபோக்கு வீரர்’ என்று ஒரு பிரிவே இருக்கிறது. அவர்களுக்குத் தண்டனையில் தளர்வு உண்டு, பெயரை ஊரறிய வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை. மாநில அளவில் ஓடத் தொடங்கிவிட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. நோய்க்காக மருந்து எடுப்பவர் மருத்துவரின் ஆவணங்களோடு முன்கூட்டியே விலக்கு கேட்டு வாங்கலாம். தேசிய முகமையின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் கூடுமா கூடாதா என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக அந்த ‘எச்’ மாத்திரைக்காரர்களுக்கு: செய்தியைப் படித்துப் பயந்து, ஓட்டத்துக்காக அதை நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் உள்ளவருக்கு நிறுத்துவதுதான் ஆபத்து. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வெயிலில் இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று சொல்லுங்கள். நீர் பிரியவைக்காத வேறு மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.